இரண்டு தாளிலும் என் கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதுவானேன், சுகத்துக்குக் குறைவில்லை, தூக்கத்துக்குத்தான் குறைவு. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று பிடுங்கி எடுப்பார், அதனால் பேக்கரியில் அடுப்பு சூடாகிற நேரத்தில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் வெள்ளை வெள்ளையாக இருந்தால் பயப்படாதே, மாவுதான்.

நம் கட்டடத்தின் கீழே செருப்புக்கடை இருந்த இடத்தில் பார் வந்ததும், அதன் சமையல்கட்டில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். இப்போது பதினொரு மணிக்கு மூடுகிறார்கள். இனி ஊரிலுள்ள எல்லா பாரையும் இரண்டு மணிவரை திறந்து வைக்க விடலாமா என்று மாநகராட்சி யோசிக்கிறதாம், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அப்பா விடிகாலை முதல் பஸ்ஸை எடுக்க மூன்றரைக்கே எழுந்திருக்கிற மனுஷன். பதினொன்றுக்கு மூடும்போதே தூக்கம் அரைகுறைதான். போன மாதம் சிக்னல் பச்சையான பிறகும் பஸ் நகரவில்லை என்று கண்டக்டர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார். "ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன், அவ்வளவுதான்" என்கிறார் இவர். அவ்வளவுதானாம், பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம். அன்றிலிருந்து அவர் வீடு திரும்பும்வரை எனக்கு ஒரு வேலை ஓடுவதில்லை.

அதனால் மாடிவீட்டு டீச்சர் நேரத்தை நீட்டக் கூடாது என்று ஒரு தாளைக் கொண்டுவந்தபோது உடனே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நீட்ட வேண்டும் என்று பார் முதலாளி ஒரு தாளை அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்பினார். "நீட்டினா ராத்திரி ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பும்மா, இல்லைன்னா கடையையே மூடிடுவாராம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மூன்று வேலை கைவிட்டுப் போய் இது நாலாவது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, அதிலும் போட்டுத் தொலைத்தேன். இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மாநகராட்சியில் ஒரு பெண் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டனுப்பினாள். கவுன்டரில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டுலயும் நீங்க இருக்கீங்க, ஒண்ணை அடிச்சுடுங்கம்மா" என்றாள். மானம் போயிற்று. டீச்சர் தாளில் என் பெயரைத் தேடிப் போனால் கடைசி வரியில் உன் அண்ணன் கையெழுத்து. அந்தக் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியாதா, மார்க் ஷீட்டில் அப்பா மாதிரி போட்டு உதை வாங்கிய கையல்லவா. முதலாளி தாளை மேலும் கீழும் பார்த்தேன், அதில் அவன் இல்லை. அப்பா தூங்கட்டும் என்று தன் வேலைக்கே எதிராகப் போட்டுவிட்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறான், இவனைத்தான் பொறுப்பில்லாதவன் என்று வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அப்பாவுக்காக அவன் போட்டான், அவனுக்காக யார் போடுவது? டீச்சர் தாளில் என் பெயரை அடித்துவிட்டு வந்தேன். சரியா தப்பா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

அடித்துவிட்டு வந்தால் அப்பா தூக்கத்துக்கு நான்தானே வழி பார்க்க வேண்டும். தெருச் சத்தம் எட்டாத அறை வீட்டில் ஒன்றுதான், பின்னால் இருக்கிற உன் அறை. ஆறு வருஷமாக உறை மாற்றி, தூசி தட்டி, வரப்போகிற மாதிரியே வைத்திருக்கிறோம். எத்தனை சத்தம் வந்தும் அதைத் திறந்து படுக்க எங்கள் யாருக்கும் மனசு வந்ததில்லை. நேற்று அண்ணனும் நானும் அப்பா துணிமணியை அங்கே மாற்றினோம். "அது பாப்பா ரூம், வந்தா எங்க படுப்பா" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அவளுக்கு இப்போது வேறு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் தலையணையை உன் கட்டிலில் தட்டிப் போட்டேன். அப்புறம் எட்டு மணிக்குப் படுத்தவர் அலாரம் அடிக்கும்வரை புரளக்கூட இல்லை. உன் புத்தகங்களைப் பரணில் கட்டி வைத்திருக்கிறேன். நீ ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடியை மட்டும் எடுக்கவில்லை, அதில்தான் சவரம் செய்துகொள்கிறார்.

முடிவு அடுத்த மாதம் தெரியுமாம். அண்ணன் கையெழுத்தை நான் பார்த்தது அவனுக்குத் தெரிய வேண்டாம், முதலாளி காதுக்குப் போனால் வேலையும் போகும், வாயைக் கட்டிக்கொள். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். நீ வரும்போது கூடத்தில் என் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். சத்தமாகத்தான் இருக்கும், எப்படியும் தூங்க முடியாது, அவர்கள் கடையை மூடும்வரை நாம் பேசிக்கொண்டிருக்கலாம்.

உன்
அம்மா