வெட்டாமல் விட்ட இரண்டு நிமிடம்

ஆம்பூர்,
கார்த்திகை மழை நாள்.

அன்பு மகன் ஜோசுவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறோம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கம்மி, ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் நின்ற கால், இனி அவ்வளவுதான் தேறும். பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடியது, ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுத்தது. குழந்தைக்கு ஸ்வெட்டர் போடாமல் வெளியே அனுப்பாதே, போட்டோவில் மெலிந்து தெரிகிறான். போன வாரம் நீ ஒன்று கேட்டாய், அம்மா, உன் ரேடியோ நிகழ்ச்சியில் அந்த அழுங்கு பற்றிய பேச்சை நெட்டிலிருந்து ஏன் எடுத்துவிட்டார்கள், பையனுக்குத் திரும்பப் போட்டுக் காட்டவேண்டும் என்று. நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் என் குரல் என்னை நல்லவளாக்கிவிடும், ஐந்து வருஷமாக மைக் முன்னால் பழகிய குரல், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் நம் சமுதாய வானொலியில் நான் நடத்தும் நிகழ்ச்சிக்கு ஒடுகத்தூர் பக்கமிருந்து வேதாசலம் என்று ஒரு விவசாயி வந்தார். மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை வைத்திருப்பவர். காட்டைப் பற்றிப் பேச வந்தவர், நான் கிண்டிக் கிண்டிக் கேட்டதில், தன் நிலத்துப் பக்கம் ஒரு அழுங்கு இருப்பதைச் சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் செதில், கறையான் தின்னும், யாருக்கும் கெடுதல் செய்யாது. ஒன்பது வருஷமாக ஊரில் ஒருத்தருக்கும் அதைச் சொன்னதில்லையாம். "குட்டி தாயோட வால் மேல குந்திக்கினு போவும்மா, பாத்தா நமக்கே சிரிப்பு வந்துரும்" என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். எந்தப் பக்கம் ஐயா, கிணற்றுக்கு மேற்கேயா, என்று கேட்டேன். அவர் தயங்கினார், நான் சிரித்தேன், அவரும் சிரித்துக்கொண்டு அதன் வளை இருக்கும் கரையையும் புங்கமரத்தையும் சொல்லிவிட்டார். ரிக்கார்டிங் முடிந்து செருப்பை மாட்டும்போது, "அந்த எடம் சொன்னதை மட்டும் வெட்டிடுங்கம்மா, ஆளுங்க ஒரு மாதிரி" என்றார். வெட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். வெட்டவில்லை ஜோசுவா. அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவர் குரலுக்கு உயிர் வந்திருந்தது. ஒலிபரப்பான அன்று இருபத்தாறு பேர் போன் செய்தார்கள். இதுதான் அம்மா பெஸ்ட் என்று நீயும் எழுதினாய், அதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் கடப்பாரையோடு ஆட்கள் போய்க் கரையை உடைத்து, மிளகாய்ப் புகை போட்டுத் தாயைச் செதிலுக்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குட்டியை மிதித்துப் போட்டிருந்தார்கள், அது சாகவில்லை. வேதாசலம் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுப்பால் தொட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் செத்துப்போனது. அவரே வனத்துறைக்குப் போன் செய்தார். வந்தவர்கள் செத்த குட்டி அவர் வீட்டில் இருந்ததைப் பார்த்தார்கள், இடத்தை ரேடியோவில் சொன்னதும் அவர்தான் என்று தெரிந்துகொண்டார்கள், ஆள் வைத்துப் பிடிக்கச் சொன்னதே இவர்தான் என்று அவரையே கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒரு அதிகாரி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். "எடத்தைச் சொல்லவேணாம், வெட்டிடுங்கன்னு அந்தாளு எதுனா கேட்டாராம்மா?" என்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் நிலையப் பொறுப்பாளர் அஃப்ஸர் ஜஹான் பக்கத்தில் நின்றாள். விலங்கு இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி, அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான். "இல்ல சார், அப்படி ஒண்ணும் கேக்கல" என்று சொன்னேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் வேலூர் ஜெயிலில் இருபத்திரண்டு நாள் இருந்தார். அந்த நாட்களில் நான் மூன்று சனிக்கிழமை நிகழ்ச்சி செய்தேன், ஞாயிறு கோயிலுக்குப் போய் அழுது மன்னிப்புக் கேட்டேன், அது சுலபமாக இருந்தது, வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு ஆலங்காயத்துக்கிட்டே மூன்று பேர் செதில் மூட்டையோடு பிடிபட்டார்கள். வண்டியில் போகும்போது ரேடியோவில் கேட்டுத்தான் இடம் தெரிந்தது, அந்தக் கிழவனை நாங்கள் பார்த்ததே இல்லை என்று அவர்கள் சொன்னார்களாம். திருடர்கள் சொன்ன உண்மையில் அவர் வெளியே வந்தார்.

நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கடலை பிடுங்க வேண்டிய நாளெல்லாம் அவர் உள்ளே இருந்ததால் காட்டுப்பன்றி புகுந்து நிலம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தது. அவர் மனைவி கெங்கம்மாள் எனக்குப் பாய் விரிக்கவில்லை. "ஒன்பது வருசம் எங்கிட்டகூட சொல்லாத ஆளு, உங்ககிட்ட சொன்னாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கோபப்படவில்லை. "உள்ள ஒருத்தன் கேட்டான், இன்னா பண்ணிட்டு வந்தேன்னு. பேசிட்டு வந்தேன்னு சொன்னேன்" என்றார். நான் அழுதுகொண்டே, வருகிற சனிக்கிழமை ரேடியோவிலேயே உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் வெட்டச் சொன்னதையும் நான் பொய் சொன்னதையும் ஊர் கேட்கட்டும் என்றேன். "அழுதுக்கினே சொல்லுவீங்க, கேக்கறவங்களுக்கு உங்க மேல பாவமா இருக்கும். வேணாம்மா. எம் பேரை இன்னொரு தபா அதுல சொல்லாதீங்க" என்றார். நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "அவரு வெளிய வந்தாச்சேம்மா, இனிமே இது எதுக்கு" என்று மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நீ படி. ஆறுதல் சொல்லி ஒரு வரியும் எழுதாதே, அம்மா பாவம் என்று மருமகளிடம் சொல்லாதே. இருபத்திரண்டு நாள் ஒரு வார்த்தையில் அவரை வெளியே கொண்டுவந்திருக்க முடிந்தவள் நான்.

உன்னையும் உன் வீட்டையும் கர்த்தர் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்பிவிட்டேன், முறுக்கு நொறுங்கியிருக்கும், பரவாயில்லை என்று தின்னுங்கள். உன் போனில் அந்தப் பேச்சு இன்னும் இருந்தால் அழித்துவிடு, யாருக்கும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
கிறிஸ்டினா இருதயராஜ்