அடிபட்ட கால்

மார்ச் 4
முட்டி நன்றாகவே இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. வீட்டில் யாரும் இல்லாதபோது மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன், ஒரு வலியும் இல்லை. கடைக்குக் கிளம்பும்போது அவர், "கால் எப்படி இருக்கு?" என்றார். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க"ன்னேன். போலீஸ்காரி வாயில் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது!

மார்ச் 6
அடுத்த வாரம் மெடிக்கல் லீவு முடிகிறது. மறுபடி பாலத்தடியில்தான் நிறுத்துவார்கள். என்ன செய்யப்போறேன்?

மார்ச் 7
தெருமுனையில் ஒரு லாரி பிரேக் அடித்தது. கையிலிருந்த பால் பாத்திரம் கீழே. உடம்பெல்லாம் நடுக்கம், வேர்வை. பாலத்தடியில் வண்டிச் சோதனைக்கு நின்றபோது தடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு லாரி வந்ததே, அதே சத்தம். கூட நின்ற கான்ஸ்டபிள் பையன், உயரத்துக்காக ஸ்டேஷனே ஒட்டகம்னு கூப்பிடுமே, அவன்தான் என் காலரைப் பிடித்து இழுத்தான். இல்லாவிட்டால் முட்டியோடு போயிருக்காது.

முட்டி உடைந்தால் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பயம்னு சொன்னா? ஸ்டேஷனே சிரிக்கும்.

மார்ச் 9
திடுதிப்பென்று ஒட்டகம் வந்து நின்றான். நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். அந்த நெட்டை உடம்பு பாதியாகியிருந்தது. "ஏகப்பட்ட பேர் லீவு, அக்கா. உங்க ரோந்தும் என் தலையிலதான்." நொண்டி நொண்டி டீ கொண்டுவந்து கொடுத்தேன். என் காலையே பார்த்தான்.

"அக்கா, அடிபட்டது இடது கால்தானே?"

நான் நொண்டியது வலது கால்! சிக்னலில் பிச்சை கேட்ட ஒருத்தனை இதே தப்புக்காகப் பிடித்து, நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டான்.

மார்ச் 10
இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருப்பான். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளி வைத்தேன். சொல்லட்டுமே— இல்ல, சொல்லிடாதடா.

மார்ச் 11
ஒரு போனும் இல்லை. அதுவும் பயமாத்தான் இருக்கு.

மார்ச் 12
ஒட்டகமே கூப்பிட்டான். கிழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன், "அக்கா, நான் பாலத்தடி வழியா போறதே இல்ல. ரோந்து போனாலும் சுத்திதான் போறேன். லாரிச் சத்தம் கேட்டா ஏதாவது கடைக்குள்ள போய் நின்னுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அழுதுட்டேன். அவன் மேல ஒரு கீறல்கூட விழலையே!

அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். "முட்டி சரியாயிடுச்சுங்க. நான்தான் இன்னும் சரியாகல."

"தெரியும். நீ படியேறி இறங்குறத கீழ்வீட்டம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். அழுத்தக்கார மனுஷன்!

மார்ச் 14
ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டரிடம் இல்லை, மாடியில் மனநல டாக்டரிடம். நொண்டாமல் ஏறினேன். பெஞ்சு ஓரத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு இரண்டு நீளக் கால்கள். ஒட்டகம்! என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தான்.

"என்னன்னு சொல்லிடா லீவு போட்ட?"

"தோள்பட்டை வலின்னு."

"எந்தத் தோள்?"

யோசித்தான். "ஐயையோ... எதுன்னு சொன்னேன்?"

"நகர்ந்து உட்காருடா" என்றேன்.