பாயைத்தான் சொன்னேன்

உங்கள் மகள் நேற்று மத்தியானம் படகின் பெரிய முன்பாயைக் கொண்டுவந்து என் கடைத் தரையில் விரித்தாள். கடைக்குள் எப்போதும் லோரிப் படுதாவின் மெழுகு வாடையும் கார் சீட்டுக்குத் தடவுகிற பசையின் நெடியும்தான் இருக்கும். இரண்டையும் தள்ளிக்கொண்டு அந்தத் துணியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. உப்பு, பூஞ்சை, அடியில் மெல்லிசாக வெந்தயமும் மீனும். மூன்று வருடம் மூட்டைக்குள் கிடந்தும் நீங்கள் ஆணம் என்கிற அந்த மீன் குழம்பு அதை விட்டுப் போகவில்லை. படகு ஆடும்போது சட்டி சாயாமல் இருக்க, கையில் கிடைத்த பாயை மடித்து அணைகொடுப்பது உங்கள் வழக்கம். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டதில்லை.

"மாமா, இந்த எடத்துல தையல் விட்டிருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம ரேஸுக்கு வேணும்," என்றாள்.

அவள் காட்ட வேண்டியதில்லை. அந்தத் தையல் எங்கே இருக்கிறது, எத்தனை விரல் நீளம் விட்டது என்பது எனக்கு மனப்பாடம். அது விட்ட அன்றுதான் நாம் இருவரும் முகம்கொடுத்துப் பேசிய கடைசி நாள்.

நீங்கள் முதலில் என் கடைக்கு வந்ததும் ஒரு கிழிந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டுதான்.

"படுதா தைக்கிறது நீதானா?"

"நாந்தான். எந்த லோரிக்கு?"

"லோரிக்கு இல்ல மச்சான். படகுக்கு."

சித்தியவானில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவருக்குப் படகு எதற்கு என்று கேட்டேன். "நாள் பூரா கடையில நின்னுக்கிட்டே இருக்கேன்லா. உக்கார ஒரு எடம் வேணாமா?" என்றீர்கள். ஈப்போவில் ஒரு பல் டாக்டரிடம் பழையதாக வாங்கிய இருபத்தாறு அடிப் படகு அது. ஏறிய பிறகுதான் தெரிந்தது, அதில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் யாரும் உட்கார முடியாது. தைத்த பாய் காற்றில் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிறு என் ஊர் ஆயர் தாவாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் படகுத்துறைக்கு வந்தேன். அப்புறம் பதினோரு சீசன் படகைவிட்டு இறங்கவில்லை.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எங்கள் லயத்து வீடும் போயிற்று. தையல் மிஷினைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றேன். படகையும் அப்படித்தான். நீங்கள் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அகராதியை வைத்துப் படித்தேன். கயிற்றை எவ்வளவு இழுப்பது, எதிர்ப்படும் படகுக்கு எப்போது வழிவிடுவது, எல்லாம் அதிலிருந்து வந்தவை. முதல் சீசனில் படகுக் கிளப்பில் ஒருவர் என்னை உங்கள் கடையாள் என்று நினைத்து ஐஸ் பெட்டியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இரண்டு வாரம் கழித்து அவர் படகை நாம் தாண்டியபோது, "கைய ஆட்டுலா, பாவம்," என்றீர்கள். நான் ஆட்டவில்லை. இப்போதும் ஆட்ட மாட்டேன்.

அகராதியைத் திறந்தவன் ஒன்றைக் கண்டுகொண்டேன். படகில் உள்ளவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் இருக்கிறது. சுக்கான், நங்கூரம், பாய்மரம், பாய். நீங்களோ மலாயையும் தமிழையும் கலந்து, "லயார எறக்கு, தாலிய இழு," என்பீர்கள். மலாய்க்காரருக்கு லயார் என்றால் பாய், தாலி என்றால் கயிறு. நமக்கு? தாலியை இழுக்கச் சொல்கிற படகில் நான் இருக்க மாட்டேன் என்றேன். இனி எல்லாம் தமிழில்தான்.

"சரிலா, ஒன் இஷ்டம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? என்னைய நீ என்னன்னு கூப்பிடுறே?"

யோசித்திருக்கவில்லை. உங்களை முதல் நாளிலிருந்தே பாய் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். நம் ஆட்கள் முஸ்லிம் பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி. இப்போது படகில் சுக்கானைப் பிடித்திருப்பவரும் பாய், மேலே நிற்கும் துணியும் பாய்.

"ஒண்ணு என்னைய அண்ணேன்னு கூப்பிடு. இல்ல, அத லயார்னு சொல்லு. நடுக்கடல்ல கொளப்பாதே."

இரண்டுக்கும் நான் ஒப்பவில்லை. கூப்பிட்டுப் பழகியதையும் மாற்ற மாட்டேன், இருக்கிற சொல்லையும் விட மாட்டேன். கரையில் சொன்னால் நீங்கள், படகில் சொன்னால் துணி என்று ஒரு விதி போட்டேன்.

"அப்ப படகுல எனக்குப் பேரே இல்லயா?" என்றீர்கள். பாய்மரத்தடியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த உங்கள் மகள் சிரித்த சிரிப்பில் கயிறு கையைவிட்டுப் போயிற்று.

விதியை நான் மறந்ததில்லை. நீங்கள்தான் மறப்பீர்கள். பாய் தளர்கிறது என்று சொன்னால் "என்னா?" என்று திரும்புவீர்கள். நான் முறைப்பேன். "சரி சரி, துணி," என்று முகத்தை முன்னால் திருப்பிக்கொள்வீர்கள்.

அந்தக் கடைசி சீசனில் வடகிழக்குக் காற்று நமக்கென்றே வீசியதுபோல் இருந்தது. இறுதிப் போட்டியில், புள்ளியில் நம்மை ஒட்டி நின்ற நீலப் படகுக்கு முன்னால் முடித்தால் சீசன் கோப்பை நமக்கு. அத்தனை வருடத்தில் அது அவ்வளவு பக்கம் வந்ததில்லை. பங்கோர் தீவுப் பக்கம், சுற்றித் திரும்ப வேண்டிய கடைசி மிதவையை நெருங்கும்போது நீலப் படகு நமக்குப் பின்னால் மூன்று படகு நீளத்தில் இருந்தது. நீங்கள் சுக்கானில், மகள் பாய்மரத்தடியில், நான் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில். அண்ணாந்து பார்த்தேன். உப்பி நின்ற பாயின் மேல் மூலையில், நான் போட்ட தையல் பிரிந்துகொண்டு வந்தது.

"பாய், பாய்," என்று கத்தினேன்.

"என்னாலா?" என்று என் பக்கம் திரும்பினீர்கள்.

அந்த நொடியில் படகின் விலா மிதவையில் உரசிப் போயிற்று. மிதவையைத் தொட்டால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். இந்த விளையாட்டின் வழக்கம் அது. அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. நீங்கள் உடனே சுக்கானைத் திருப்பினீர்கள். நாம் சுற்றி முடிப்பதற்குள் நீலப் படகும் இன்னொன்றும் போய்விட்டன.

படகுத்துறையில் கயிற்றைக் கட்டும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சுக்கான் பிடிக்கிறவரு மெதவக்கிட்ட திரும்பிப் பாக்கலாமா?"

"கூப்ட்டியே."

"கூப்பிடல. பாயச் சொன்னேன். தையல் விட்டுச்சு."

"எனக்கு என்னையக் கூப்ட்ட மாதிரிதான் கேட்டுச்சு."

"படகுல சொன்னா துணின்னு எத்தன வருசமா சொல்றேன்?"

"நீ கூப்ட்டா நான் திரும்புவேன்லா. அதுக்கு என்னா செய்றது?"

அதை நான் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் மகள், "போதும், ரெண்டு பேரும் டீ குடிக்க வாங்க," என்றாள். நான் போனேன், ஆனால் டீ குடிக்க இல்லை. கிளப்பில் மேசை மேசையாகப் போய், நான் அவரைக் கூப்பிடவில்லை, பாயைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளக்கினேன். நீங்கள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு வார்த்தை, அவன் கூப்பிடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

சீசன் முடிந்ததும் கிளப் படகுகள் சேர்ந்து செம்பிலான் தீவுகளுக்கு மூன்று நாள் போய்வரும். அதில் போட்டி இல்லை. யார் முந்தினாலும் சோற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். எனக்குச் சீசனே அதற்காகத்தான் என்று உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் ஆணம் வைப்பீர்கள். புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவேன். நங்கூரம் போட்ட படகு ஓரிடத்தில் நிற்காது, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சுழன்றுகொண்டே இருக்கும். நீங்கள் தொழுகைக்கு நிற்கும்முன் திசைகாட்டியைப் பார்த்து, மக்காவின் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று சொல்வது என் வேலை. "இப்ப தீவுப் பக்கம்," என்பேன். நீங்கள் கேள்வி கேட்காமல் அந்தப் பக்கம் நிற்பீர்கள். வேறு எதிலும் என் பேச்சை அப்படி எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் நான் வரவில்லை. கிளம்புகிற காலையில் படகுத்துறையிலிருந்து போன் செய்தீர்கள்.

"தண்ணி ஏறிருச்சு, கெளம்பணும். வாரியா இல்லயா?"

"நான் கூப்பிடலன்னு சொல்லுங்க. வாரேன்."

"அப்ப நான் செவிடன்னுல்ல சொல்லணும்."

"சொல்லுங்க."

சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒனக்கும் சேத்துத்தான் அரிசி எடுத்திருக்கேன். சரி, போய்ட்டு வாரேன்," என்று வைத்துவிட்டீர்கள். நான் அன்று ஒரு லோரிக்குப் படுதா தைத்தேன். மூன்று நாளும் வானத்தைப் பார்த்தேன். நல்ல காற்று.

அடுத்த மாதம், நோன்பு பிறப்பதற்கு முன்னால், உங்கள் கடையில் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களை அடக்கிய மையத்தாங்கொல்லையில் பின்வரிசையில் நின்றேன். எனக்கும் இடம் விட்டார்கள். மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் மனசுக்குள் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்.

இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. கூப்பிடவில்லை, பாயைத்தான் சொன்னேன். ஆனால் விட்ட தையல் என்னுடையது. இரட்டைத் தையல் போட வேண்டிய இடத்தில் ஒற்றை போட்டேன். நீங்கள் அவசரப்படுத்தினீர்கள் என்பது உண்மை. போட்டது என் கை. தீவுக்கு வராததும் நான்தான், அதற்கு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. இந்த இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதாக ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வருடம் உங்கள் மகள் படகைத் தண்ணீரில் இறக்கினாள். சுக்கான் அவளுடையது. அலுவலகத்திலிருந்து இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, முன் லயாருக்கு ஆளு இல்ல. வாரீங்களா?"

"லயார்னு சொல்ற படகுல ஏற மாட்டேன்."

"அத்தா சரியாத்தான் சொன்னாங்க. தையல் மிஷினுக்குக்கூட ரிவர்ஸ் இருக்கு, இவனுக்கு இல்லன்னு."

என் நிபந்தனையை அவள் ஏற்றுக்கொண்டாள். தோழிகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதில் ஒருத்தி மலாய்ப் பெண். "பாய், ஓகே, பாக்சிக்," என்று என்னை மலாயில் மாமா ஆக்கி, உச்சரித்துக் காட்டி, சரிதானா என்று பார்த்தாள். மகளை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குழப்பத்துக்கு வழியே இல்லை.

போன ஞாயிறு முதல் போட்டி. பெரிய முன்பாய் இல்லாமல் சின்னதை வைத்துத்தான் போனோம். அதே பங்கோர் பக்க மிதவை. காற்று சட்டென்று பக்கம் மாறி, பாயின் விளிம்பு படபடக்கத் தொடங்கியது. "பாய்," என்று கத்தினேன். இரண்டு பெண்களும் மேலே துணியைப் பார்த்தார்கள். ஒருத்தியின் கை கயிற்றுக்குப் போயிற்று. உங்கள் மகள் மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. படகு ஒரு முழம் இடைவெளியில் சுத்தமாகத் திரும்பியது. பதினோரு சீசன் நான் எதற்காகச் சண்டை போட்டேனோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்தது.

நான் மட்டும்தான் சுக்கான் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.