கட்டிலை அறுத்துச் செய்த கிட்டார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அக்கா மகள் வண்டுவும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சிரிப்பாய். போனில் கேட்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. போனில் பேசுவது நீதானா என்பதுதான் அது. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அதற்கு முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் கட்டிலை அறுத்துவிட்டோம். ஒரு வருஷமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறோம்.

வண்டு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்துக்கொண்டு நம்மோடுதானே இருக்கிறாள். அவளுக்குத் தன் கையாலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய வேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது. ஏண்டி, கடையில் கிடைக்காத பொருளா என்றேன். கடையில இருக்கறது எவனோ ஒருத்தன் கைக்குச் செஞ்சது பாட்டி, என் கை சின்னது, எனக்கு அளவெடுத்து யார் செய்வா என்றாள். நாற்பது வருஷம் ஊரார் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவள் நான், அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. மரக்கடையில் வாங்கி வந்த பலகை பச்சை மரம், பத்து நாளில் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. அப்புறம் வீட்டில் இருக்கிற மரத்தையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டே திரிந்தாள், கதவு, பெஞ்சு, அலமாரி ஒன்று பாக்கியில்லை. உன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டி, இது பேசுது என்றாள். அது மாமா கட்டில், அதில் கை வைக்காதே என்றேன். மாமா வரும்போது புதுசு வாங்கிப் போடலாம், இது யாரும் படுக்காம சும்மாத்தானே கிடக்கு என்றாள். உயிரோடு இருக்கிறவன் படுக்கையை அறுப்பதா என்று நான் கட்டிலை மறித்து நின்றுகொண்டேன். உன் அப்பாதான் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவளைத் தட்டச் சொன்னார். மில்லில் எந்த மெஷினில் என்ன கோளாறு என்று தொட்டே சொன்ன கை அது, உனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, நல்லா உலர்ந்த மரம், அறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மாசம் முன்னறை முழுக்க மரத்தூள். துவைத்த துணியில், தலையணையில், உன் அப்பா புருவத்தில்கூட. பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பசை போட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கியது போதாதென்று என் தையல் மெஷினையும் தூக்கி மேலே வைத்தாள். பிறகு நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கட்டையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குடைந்தாள். ஏன் பாதி மட்டும் என்று கேட்டேன். முழுசாக் குடைஞ்சா ஸ்பீக்கர் பக்கத்துல போனாலே ஊளை விடும், குடையாம விட்டா ஊமை மாதிரி கிடக்கும், இப்படிச் செஞ்சா பிளக் மாட்டாமலே கொஞ்சம் முனகும் பாட்டி என்றாள். சரிதான், பாதி வயிறு காலி, பாதி வயிறு நிறைவு, உங்க தாத்தா மாதிரி என்றேன். கம்பியின் அதிர்வை வாங்கிக் கரண்டுக்கு அனுப்புகிற பிக்கப் என்று ஒன்று இருக்கிறது, அதையும் வாங்கமாட்டேன் என்று வீட்டிலேயே சுற்றினாள். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று. என் மெஷினில் பாபின் சுற்றுகிற இடத்தில் மாட்டித்தான் சுற்றினோம். முதல் தடவை அவள் பிடித்தாள், ஐயாயிரத்தில் அறுந்தது. அடுத்த தடவை நான் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தேன், அறுபடவில்லை. கடைசியில் மெல்லிய பலகையில் எஃப் எழுத்து மாதிரி வளைந்த இரண்டு துளை போட்டு அந்தக் குடைவின் மேல் மூடி ஒட்டினாள். பிணப்பெட்டியை மூடுகிற மாதிரி இருந்ததால் அதை மட்டும் நான் பார்க்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் பெருமையாகச் சொல்கிறேன், நீ அதைப் பார்த்தால் கடையில் வாங்கியது இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாய். கிட்டாரின் கழுத்தைக் கையில் பிடித்தால் லென்ஸ் மாதிரி வழுக்குகிறது. மரம் எங்கே கிடைத்தது என்று கேட்பாயே என்ற பயத்தில்தான் இதில் ஒரு வார்த்தையும் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டோம். வண்டுவும் அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதை முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ போன் செய்தாய். உன் கம்பெனி உன்னை அந்தக் குளிர்தேசத்து வேலை முகாமுக்கு மாற்றியதிலிருந்து முகம் தெரிவதில்லையே, குரல் மட்டும்தானே, அதனால் போனைச் சத்தமாக வைத்து மேஜையில் சாய்த்து வைத்திருந்தேன். நீ அம்மா என்றதும் அறைக்குள் ஏதோ ம்ம்ம் என்றது. யாருடி முனகறது, நீயா என்றேன் வண்டுவிடம். அவள் சுவரைக் காட்டினாள். யாரும் தொடவில்லை, மேலிருந்து இரண்டாவது கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. நீ நிறுத்தினால் அதுவும் மெல்ல அடங்கியது. வண்டு ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துக் கம்பியின் மேல் வைத்தாள், நீ பேசப் பேச அது துள்ளியது. நீ போனை வைத்த பிறகு நாங்கள் எல்லாரும் அம்மா, அப்பா என்று கத்திப் பார்த்தோம், தண்ணீர் கேன் கொண்டு வருகிறவரையும் நிறுத்திப் பாடச் சொன்னோம், அது அசையவில்லை. கட்டில் உன்னைக் கண்டுகொண்டது என்றேன். வண்டு சிரித்தாள், கட்டிலும் இல்ல ஒண்ணும் இல்ல பாட்டி, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சுருதி இருக்கு, மாமா குரலும் அந்தக் கம்பியும் ஒரே சுருதி, அவ்வளவுதான் என்றாள். எனக்கு அது அவ்வளவுதான் இல்லை. உன் அப்பாவுக்குக் காது போய் ஆறு வருஷம், காது மெஷினைப் போட்டால் தலைக்குள் மிக்ஸி ஓடுகிறது என்று மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஞாயிறு பத்து மணிக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கிட்டாரை மடியில் வைத்து, உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் நீ பேசுவது கைக்குத் தெரியும். இன்னைக்குச் சந்தோஷமா இருக்கான், இன்னைக்கு அலுப்பா இருக்கான் என்று சொல்வார், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஏழு வாரத்துக்கு முன்னால், முகாமில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்த கதையை நீ சொல்லிக்கொண்டிருந்தாய், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா கையை எடுத்துவிட்டு, போன் கட்டாயிடுச்சா என்று கேட்டார். இல்லை, பேசிக்கிட்டுத்தான் இருக்கான் என்று ஜாடை காட்டினேன். திரும்பக் கை வைத்துப் பார்த்தார். யாரும் பேசலையே என்றார். நீ பேசிக்கொண்டேதான் இருந்தாய். வண்டு காகிதத்தை மடித்து வைத்தாள், அது எறும்பு செத்த மாதிரி கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. கம்பி பழசாகியிருக்கும் என்று புதுசு மாற்றினாள், மழைக்கு மரம் ஊறியிருக்கும் என்று வெயிலில் வைத்தாள், என் போனுக்குப் பதிலாக அவள் போனில் உன்னைக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா செருப்பு அளவு என்ன என்று கேட்டு நீ முன்பு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாயே, அதை அதே மேஜையில் வைத்து ஓட்டினாள். கம்பி ம்ம்ம் என்றது, காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. வண்டு அந்தப் பதிவை இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, போன் லைனை மாத்தியிருப்பாங்க பாட்டி, சன்னமாக்கி அனுப்புவாங்க, நீ கவலைப்படாதே என்றாள். உன் கம்பெனி ஆபீசுக்கும் பேசினாளாம், எல்லாரும் நல்லா இருக்காங்க என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டார்களாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. சின்ன வயசில் நீ செய்த விஷமத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. முன்பெல்லாம் நீ பாதி மறந்துபோய், அப்படியாம்மா செஞ்சேன் என்று என்னிடமே கேட்பாய். இப்போது தேதிகூடச் சொல்கிறாய். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, அடக்க முடியாமல் வாய்விட்டுவிட்டேன், கண்ணு, முன்னெல்லாம் உன் குரலுக்கு இந்தக் கம்பி அதிரும், இப்ப அதிர மாட்டேங்குதுப்பா என்று. உடனே, எந்தக் கம்பிம்மா என்று கேட்டாய். மேலிருந்து ரெண்டாவது என்றேன். சரிம்மா என்றாய். பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் கிட்டார் இருப்பதே உனக்குத் தெரியாது. கம்பி என்றால் என்ன கம்பி, ஜன்னல் கம்பியா, கொடிக் கம்பியா என்றுதானே நீ கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது. அம்மா என்ற வார்த்தை முடிவதற்குள் அந்தக் கம்பி அதிர்ந்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அதிர்ந்தது, சுவரோரம் இருந்த டம்ளர்கூடக் கிணுகிணுத்தது. உன் அப்பா முகம் மலர்ந்து இரண்டு கையையும் கிட்டாரில் வைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன், நம் பிள்ளை வந்துவிட்டான் என்று. பத்து நிமிஷம் ஆனதும் அவர் முகம் மாறியது. கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். மூச்சே விடாமப் பேசறான், இவ்வளவு நேரத்துல ஒரு தடவைகூட மூச்சு இழுக்கலை என்றார். அதற்குப் பிறகு அவர் கிட்டாரைத் தொடவில்லை, வண்டு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் தொண்டை போனவர்களுக்கு மெஷின் இருக்கிறதாம், எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய பழைய குரலிலேயே அது பேசுமாம், வண்டு சொன்னாள். உனக்கு அப்படி ஏதாவது வந்து, நாங்கள் பயப்படுவோம் என்று மறைத்து வைத்திருக்கிறாயா. அப்படியென்றால் அதைச் சொல்லிவிடு, குரல் இல்லாவிட்டால் என்ன, உன் அப்பாவோடு நான் ஜாடையிலேயே ஆறு வருஷம் குடித்தனம் நடத்தவில்லையா. அது இல்லை, வேறு எதுவோ உன் பெயரைச் சொல்லிப் பேசுகிறது, நீ அங்கே பேச முடியாத நிலையில் இருக்கிறாய் என்றால், இந்தக் கடிதம் எப்படியாவது உன் கைக்கு வர வேண்டும். சாமான் லாரியில் தபால் வரும் என்று சொல்லியிருந்தாயே, அதை நம்பித்தான் தபால் பெட்டியில் நானே போய்ப் போடுகிறேன். வண்டுவுக்குக்கூடத் தெரியாது. நீ உன் கையால் பதில் எழுது, நாலு வரி போதும். எதைப் பார்த்து அது உன் கை என்று கண்டுகொள்வேன் என்பதை இதில் எழுதமாட்டேன். எந்தக் கம்பி என்று கேட்டதும் சொல்லிவிட்டேன் அல்லவா, அந்தத் தப்பை இன்னொரு தடவை செய்யமாட்டேன். போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்காதே. நானும் திறக்கமாட்டேன்.

கழுத்துக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள், குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, வேளைக்குச் சாப்பிடு. கட்டிலுக்குக் கோபித்துக்கொள்வதாக இருந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், நூறு வயசு இரு. பதில் வருகிறவரை ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குப் போன் அடிக்கும், நான் எடுப்பேன். அது நீயாக இருந்து, நான் எடுக்காமல் விட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன். நீயாக இல்லாவிட்டாலும் அது அம்மா என்று கூப்பிடுகிறதப்பா, சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறது, வைத்துவிட எனக்குக் கை வரவில்லை. சீக்கிரம் எழுது, எனக்கு அது பழகிக்கொண்டே வருகிறது.

உன் பதிலுக்குத் தபால்காரரை வாசலில் பார்த்திருக்கும்,
உன் அம்மா