சப்ரின் கண்ணில் வந்த தண்ணீர்

அன்பு மகன் நவுஷாதுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கள்ளக்குறிச்சியில் அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு இருமல், உன் தங்கச்சிக்குக் கண், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் இளமாறன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உன் தங்கச்சி சப்ரின் கண் பற்றியது. உன் ரூமில் தங்கியிருக்கும் அன்சரின் வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டு, பெண் பிடித்திருக்கிறது, கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் நல்லது என்றார்கள் என நீதான் சொன்னாய். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் லேசர் ஆபரேஷன் செய்தோம். சப்ரின் சரி என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை. இப்போது எதிர்க்கடை போர்டில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறாள், ஆனால் கண் காய்ந்துபோய்விட்டது. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, எரிகிறது, அப்புறம் தண்ணீராகக் கொட்டுகிறது. காய்ந்த கண்ணில் தண்ணீர் ஏது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆபரேஷனில் மெல்லிய நரம்புகள் அறுபடுவதால் கொஞ்ச மாதத்துக்குக் கண்ணீர் சரியாகச் சுரக்காதாம், உறுத்தல் தாங்காமல் கண் திடீரென்று தண்ணீரைக் கொட்டுமாம், அது கண்ணில் தங்காமல் வழிந்து வீணாகப் போய்விடுமாம். போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லி, கண்ணீர் மாதிரியே செய்த சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண்ணீரையும் கடையில் விற்கிறார்கள் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அம்மா வெந்நீரில் துணியைப் பிழிந்து மூடிய கண்மேல் ஒத்தடம் கொடுக்கிறாள். ஃபேன் காற்று முகத்தில் படக் கூடாது என்றதால் ஃபேனை நிறுத்திவிட்டோம், வீடே வேர்க்கிறது. கண்ணைச் சிமிட்ட மறக்கக் கூடாதாம், அம்மா அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிமிட்டு என்கிறாள். மதீனாவிலிருந்து வந்த சுர்மா மையையும் எடுத்து வந்தாள், டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்றதும், எடுத்ததை வீணாக்கக் கூடாதென்று எனக்குப் போட்டுவிட்டாள். கல்வராயன் மலையிலிருந்து நம் மண்டிக்குப் புளி கொண்டுவரும் கொளஞ்சியப்பன் ஒரு பை நிறைய நந்தியாவட்டைப் பூவோடு வந்து, "கண்ணு மேல வச்சா குளுகுளுன்னு இருக்கும் பாய்" என்றார். மருந்தைத் தவிர வேறெதுவும் ஆகாது என்றேன். பூவைச் சப்ரின் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டாள், பார்க்க நன்றாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சின்னசேலத்திலிருந்து அன்சரின் அம்மாவும் பெரியம்மாவும் தேதி குறிக்க வந்தார்கள். சப்ரின் டீயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தப் பெரியம்மா பதறிப்போய், "இன்னாங்க பாய், பொண்ணு அழுவுதே, இஷ்டமில்லாம கட்டிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். நான் பதறவில்லை. நம் மண்டியில் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் தூக்குகிறவர், வாங்குகிறவர், சும்மா பேச வந்தவர் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான், ஒருத்தருக்கும் வருத்தம் கிடையாது. அதனால் லேசர், நரம்பு, சொட்டு மருந்து எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினேன். பெரியம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. தனக்கும் கண் உறுத்துகிறது என்று மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் சப்ரினிடம், நல்லவேளை நான் சமாளித்துவிட்டேன், மருந்து போடாமல் இப்படி வந்து உட்காரலாமா என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "வேளா வேளைக்குப் போட்டுக்கினுதான் இருக்கேன் அத்தா. ஒரு வாரமா உறுத்தல் இல்ல, எரிச்சல் இல்ல, கண்ணு நல்லாதான் இருக்கு" என்றாள். அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை, அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சப்ரின் தானாகவே, "கண்ணாடி வேணான்னாங்க, கழட்டிட்டேன். நாளைக்கு வேற ஏதாவது வேணாம்பாங்க. எத்தினிய கழட்டுறது?" என்றாள்.

அன்சர் நல்ல பையன்தான், நீ சொன்னால் நம்புகிறேன். ஆனாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம். அவன் வீட்டாரிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன், அவனிடம் நீ சொல், பக்குவமாக, அவன் சாப்பிட்ட பிறகு சொல். ஒரே ரூமில் இருந்துகொண்டு உனக்குச் சங்கடம்தான், அதை நினைத்தால் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக அவள்மேல் கோபப்படாதே. நிக்காஹ் அன்றைக்குப் பெண் தரப்பில் பேசும் வக்கீலும் சாட்சிகளும் உள்ளே போய்ச் சம்மதமா என்று கேட்பார்கள், பெண் வாய் திறக்காமல் அழுதால் வெட்கம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்து சம்மதம் என்பார்கள். யாராவது சந்தேகப்பட்டிருந்தால்கூட, அது லேசர் தண்ணீர் என்று நானே சபையில் எழுந்து விளக்கியிருப்பேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நிறைந்த பரக்கத்தையும் தரட்டும், அம்மாவும் தினமும் துஆ கேட்கிறாள். தொழுகையை விடாதே. மறக்காமல் தங்கச்சிக்குப் போன் செய், கல்யாணப் பேச்சை எடுக்காதே, எப்படிம்மா இருக்கே என்று கேள். நாங்கள் இத்தனை நாளும் மருந்து போட்டாயா என்றுதான் கேட்டோம்.

இப்படிக்கு
உன் அத்தா
ஜான் பாஷா