பண்ணை ஓடு வேண்டாம்

செப். 19, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, துணிப்பெட்டி மேல் ஒரு இடம். சட்டி, குண்டான், மகளின் சிலேட்டு வரைக்கும் ஏந்தியாயிற்று. செல்லம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதபோதுதான் எனக்குப் பயம்.

பதினொரு மணி சுமாருக்குப் பண்ணை ஏஜெண்டு வந்தார். குடையை மடக்காமல் வாசலில் நின்று, "தம்பி, இருக்கீங்களா?" என்றார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எனக்கு அவர் வாயில் 'டேய்'தான். எட்டாவது பாஸ் செய்து சொசைட்டியில் உர மூட்டை எடை போடும் வேலையில் சேர்ந்த பிறகும் அதே டேய்தான். இன்றைக்கு 'ங்க'.

"கூரை மக்கிப் போச்சே தம்பி. ஐயா பார்த்துட்டு ரொம்ப சங்கடப்பட்டாங்க. பண்ணையில ஓடு சும்மாத்தான் கிடக்கு. ஆளும் நாங்களே அனுப்புறோம், நீங்க ஒரு பைசா போட வேண்டாம். வேலை முடியிற வரைக்கும் குடும்பத்தோட நம்ம களத்துக் கொட்டாயில இருந்துக்குங்க."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

அப்பா இந்தப் பண்ணையில் ஆயுசு முழுக்க உழைத்தவர். குடிசை போட்டுக்கொள்ள இந்த இடத்தைக் காட்டினார்கள். மூங்கில் கொடுத்தார்கள். அதோடு சரி. பிறகு ஒரு கீற்று கொடுத்தது கிடையாது. இப்போது எதற்கு ஓடு?

எதற்கென்று தெரியும். பண்ணை இடத்தில் காலங்காலமாகக் குடியிருக்கிறவனுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆபீசர் ஊர் ஊராக வந்து பார்த்து எழுதுகிறார். அவர் வருகிற அன்று நான் களத்துக் கொட்டாயில் இருந்தால்?

செப். 20, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

செ.விடம் எடுத்துச் சொன்னேன். ஓடு பண்ணையுடையது, ஆள் பண்ணை ஆள், அப்புறம் வீடு மட்டும் எப்படி நம் வீடு?

"ஓடு சும்மா தர்றேன்னா வேணாங்கிற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "வலங்கைமான்ல எங்கக்கா ஓட்டு வீட்டுல இருக்கு. மழை பெஞ்சா அவங்க தூங்குறாங்க. நாம சட்டி மாத்துறோம்."

உண்மைதான். வலித்தது.

அவள் பண்ணைக் களத்துக்கு நெல் தூற்றப் போகிறவள். ஏஜெண்டு வீட்டம்மா முன்பே இவளிடம் பேசியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம். கேட்டேவிட்டேன்.

"பேசினாங்க. ஓடு போட்டுக்கச் சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இப்படிக் கேப்பீங்கன்னுதான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மனதில் போட்டு வைத்திருக்கிறேன்.

முடிவு: எல்லாம் நானே. கூரை வேய இரண்டு ஆள் கூலி மிச்சம், அவர்கள் சாப்பாடு மிச்சம், வெற்றிலை பாக்கு மிச்சம். வேலைகள்:

பழைய கீற்று பிரிக்க.
கழி, முடைந்த கீற்று — பேராவூரணி மச்சானுக்கு (செ.வின் தம்பி) இன்றே கார்டு.
கயிறு, ஆணி.
சுவருக்கு மண்பூச்சு, சுண்ணாம்பு.
ஏணி, தெருக்கோடியில் என் அண்ணன் வீட்டில் இரவல். பண்ணை ஏணி மட்டும் வேண்டாம்.

சாயங்காலம் டீக்கடையில் காதில் விழுந்தது: "ஆபீசர் வர்றப்ப வீடு காலியா இருந்தாலும் பட்டா கிடையாது. சட்டம் வந்தப்புறம் புதுசாப் போட்ட கொட்டாய்க்கும் கிடையாதாம்."

சரியாகத்தான் நினைத்திருக்கிறேன். வீட்டை ஒரு நாள்கூடக் காலியாக விடக்கூடாது.

செப். 22, புதன்

நல்ல வெயில். லீவு போட்டேன். கீற்று பிரித்தேன். தேள் ஒன்று, எலிக்கூடு இரண்டு, நான் தொலைத்துவிட்டதாக செ. திட்டிய கரண்டி ஒன்று.

மூங்கில் எல்லாம் அடுப்புப் புகை ஏறிக் கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஒரு பூச்சி அரிப்பு இல்லை. தட்டினால் இரும்புச் சத்தம்.

"இதை ஏன் இறக்குறீங்க? இன்னும் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்குத் தாங்கும்" என்றாள் செ.

அவளுக்குப் புரியவில்லை. இது பண்ணைத் தோப்பு மூங்கில். நாளைக்கு ஆபீசர் முன்னால் ஏஜெண்டு நின்றுகொண்டு, "மூங்கில் எங்களுது, அப்ப வீடும் எங்களுது" என்பார். ஒரு குச்சிகூட அவர்களுடையதாக இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் இறக்கி, இரவல் வண்டியில் ஏற்றி, பண்ணை வாசலில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

"இந்தாங்க, எங்கப்பாவுக்குக் கொடுத்த மூங்கில். திருப்பிக் கொடுத்தாச்சு" என்றேன். அந்த வாசலில் நிமிர்ந்து நின்று பேசியது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

ஏஜெண்டு கத்துவார் என்று நினைத்தேன். மூங்கிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "அப்படி ஓரமாப் போட்டுட்டுப் போங்க தம்பி."

ஏன் சிரித்தார்? வழியெல்லாம் அதே யோசனை.

செப். 23, வியாழன்

மச்சான் வரவில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாலு சுவர், மேலே வானம். உரச் சாக்குகளைத் தைத்து அடுப்புக்கு மேல் மட்டும் கட்டினாள் செ. அதன் கீழே மூவரும் ஒண்டிக்கொண்டு சோறு தின்றோம்.

அக்கா வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் போய் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நான் மட்டும் இருந்தால் குடும்பம் இல்லை என்று எழுதிவிட்டால்?

"அப்ப நான் இங்க நனையறது உங்க பட்டாவுக்கு."

"நம்ம பட்டா."

"யார் பேருல வரும்?"

மழைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மச்சானையும் ஏஜெண்டு வளைத்துவிட்டாரோ? பேராவூரணி வரைக்குமா கை நீளும்? நீளும். தேங்காய் வியாபாரிகள் எல்லாரும் பண்ணைக்குப் பழக்கம்.

செப். 25, சனி

வெயில். மச்சான் வந்துவிட்டான். கும்பகோணம் போகிற தேங்காய் லாரியில் சவுக்குக் கழியும் கீற்றும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். குறுவை அறுப்பில் கூலித் தகராறாம், வழியில் இரண்டு இடத்தில் லாரிகளைப் போலீஸ் நிறுத்தி வைத்துவிட்டதாம். நம்புகிற மாதிரித்தான் சொன்னான்.

கீற்றைப் புரட்டிப் பார்த்தேன். "இதுல பழசு கலந்திருக்கா மச்சான்?"

"பிரிச்சுப் பாருங்க மச்சான். அப்பவும் சந்தேகம்னா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். புதுசுதான்.

அவன் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, நான் மேலே. கீழ் ஓரத்து இறவாரத்தில் தொடங்கி முகட்டைப் பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக் கட்ட வேண்டும். தெரிந்த வேலை மாதிரித்தான் இருந்தது, ஏணியில் ஏறும்வரை. முதல் வரிசை சரிந்து மச்சான் தலையில் விழுந்தது. கட்டு போதவில்லை. மறுபடி. கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது. முகட்டில் கால் பரப்பி உட்கார்ந்தபோது ஊரே தெரிந்தது: அறுத்த வயல், வாய்க்கால், பண்ணை வீட்டு மாடி. மாடியில் யாரோ நின்று இந்தப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

செப். 27, திங்கள்

சொசைட்டியில் மறுபடி லீவு கேட்டதற்கு செக்ரட்டரி முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

குளத்துக் களிமண், உமி, சாணம். மிதித்துக் குழைத்து உள்ளும் புறமும் பூசினேன். பூச்சுக்கரண்டி இரவல்தான். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்தான் உயிரை வாங்கியது. அம்மா காலத்திலிருந்து ஏறின புகைக்கரி, மண் ஒட்டுவேனா என்கிறது. தண்ணீர் அடித்து, கையால் அறைந்து, இரண்டு பூச்சு. அப்புறம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. ஒரு கறுப்புப் புள்ளி தெரியாது இப்போது. கையால் தடவிப் பார்த்தேன். வழவழ. கொத்தனார் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கண் பொல்லாதது. அதிலும் அந்த மாடிக் கண். பூசணிக்காயில் கரியால் கண்ணும் பல்லும் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

செ. சிரித்தாள். "புது வீடு கட்டுறவங்கதான் இதைத் தொங்கவிடுவாங்க."

"நமக்கு இது புது வீடுதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மச்சான் ஊருக்குப் போனான்.

செப். 29, புதன்

லேசான தூறல். ஒரு சொட்டு உள்ளே இல்லை. செ. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை பயமாக இல்லை.

ஏஜெண்டு இரண்டு தடவை தெருவில் போனார். பூசணிக்காயைப் பார்த்தார். "அருமையா இருக்கு தம்பி. புது வீடேதான்."

எதற்காகப் புகழ்கிறார்? தீ வைப்பாரோ? தண்ணீர்க் குடம் இரண்டு வாசலில் வைத்திருக்கிறேன்.

களத்திலிருந்து வந்து செ. சொன்னது: நாம் கொண்டுபோய்ப் போட்ட மூங்கில் எல்லாம் பண்ணையில் நெல் அவிக்கிற அடுப்பில் எரிகிறதாம். "நல்ல மூங்கிலு. நின்னு எரியுது" என்றாள். இரும்பு மாதிரி மூங்கிலை விறகாக எரிக்க அவர்களுக்கு என்ன கேடு? தோப்பில் முள் விறகா இல்லை?

அக். 1, வெள்ளி

ஆபீசர் வந்தார். கூட ஒரு கிளார்க்கு, பின்னால் குடையோடு ஏஜெண்டு. எதை எதையோ காத்தேன். இதைக் காக்கவில்லை.

ஆபீசர் கூரையைப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டின சுண்ணாம்பை உரசிக்கொண்டார். "எப்ப போட்ட வீடு?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கோங்க."

ஏஜெண்டு பணிவாக முன்னால் வந்தார். "பொய்ங்க. இவங்க இதே தெருவுல அண்ணன் வீட்டுல இருந்தவங்க. சட்டம் வந்ததும் ராவோட ராவா இங்க கொட்டாய் போட்டுட்டாங்க. கழியைப் பாருங்க, பச்சை சவுக்கு. சுவரு இன்னும் காயல. அதோ திருஷ்டிப் பூசணி. பழைய வீட்டுக்கு எவனாவது பூசணிக்காய் கட்டுவானாங்க?"

மூங்கிலைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரேஷன் கார்டைக் காட்டினேன். "தெருப் பேருதான் இருக்கு, எந்த வீடுன்னு இல்லையே" என்றார் ஆபீசர். பக்கத்து வீட்டார் சாட்சி என்றேன். அவர்களும் பட்டாவுக்கு நிற்கிறவர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொள்வார்கள் என்றார். பழைய மூங்கில் இருந்ததுங்க, புகை பிடித்த மூங்கில், என்றேன். எங்கே என்றார். பண்ணை அடுப்பில் சாம்பலாக இருக்கிறது, நானே வண்டி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? என் கையாலேயே வீட்டைப் புதுசாக்கித் தொலைத்துவிட்டேன். அழுகை வந்தது. ஏஜெண்டு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கரக் கரக்கென்று சத்தம். செ. அடுப்படியில். பூச்சுக்கரண்டியை எடுத்து, அடுப்புக்குப் பின்னால் நான் இரண்டு பூச்சு பூசின சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள். வழவழவென்றிருந்த இடம் பொத்தென்று கீழே விழுந்தது. உள்ளே கறுப்பு.

"ஐயா, கொஞ்சம் இப்படி வந்து பாருங்க" என்றாள். "இது என் மாமியா சமைச்ச புகை. அதுக்கு மேல நான் சமைச்ச புகை. எங்க வீட்டுக்காரரு நாலு நாள் முந்திதான் இதை மூடினாரு."

ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேனா மூடியால் கீறினார். அடை தடிமனுக்கு ஒரு சில்லு பெயர்ந்து கையில் விழுந்தது. அதை ஏஜெண்டிடம் நீட்டினார். "சட்டம் வந்தப்புறம் இவ்வளவு புகையாங்க?"

மழையே இல்லை, ஏஜெண்டு குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்.

ஆபீசர் கிளார்க்கிடம், "பழைய குடியிருப்புன்னு எழுதிக்குங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு செ.வைப் பார்க்க முடியவில்லை. அவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. வெட்கமாக இருந்தது. அவள் பாட்டுக்கு விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கை, முகம், புடவை எல்லாம் கரி.

அக். 2, சனி

சொசைட்டி லீவு. வெயில். பூசணிக்காயை இறக்கியாயிற்று. உள்ளே அழுகல். குப்பைக்கு.

அடுப்படி ஓட்டையை அடைக்க மண் குழைத்தேன். கரண்டியை எடுத்ததும் செ. பிடுங்கிக்கொண்டாள்.

"தொடாதீங்க. பட்டா கைக்கு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"அதான் எழுதிக்கிட்டாரே. நீ ஆபீசரை நம்பலையா?"

"பேனாவுல எழுதினாரா பென்சில்லயா, பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் பார்க்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

மீந்த மண்ணைக் கோழிக்கூட்டுக்குப் பூசினேன்.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போக வேண்டும். கேட்க வேண்டியது இரண்டு. பேனாவா பென்சிலா. பட்டாவில் செல்லம்மாள் பெயரையும் எழுத முடியுமா.