கழற்றி வைத்த கைக்கடிகாரம்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். இடுப்பு வலி இருக்கிறது, அது பழைய ஆள், அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

இங்கே என்னைத் தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற தலையணை உறை. நேர்க்கோடாக அடித்துக்கொண்டே போனால் போதும், கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். என் பக்கத்து மெஷினில் இருந்தவள் போன வாரம் விடுதலையாகிப் போய்விட்டாள், பேச்சுத் துணை இல்லை. கத்தரிக்கோலை எல்லோருக்கும் கையில் கொடுக்கிற மேற்பார்வை அம்மா, எனக்கு மட்டும் மேஜையில் வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி நிற்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு நான் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. இஸ்திரிப் பெட்டிதான் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

வக்கீல் அம்மா வந்திருந்தார். மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறதாம். உன் அத்தான் என்னை அடித்தார் என்பதை யாரும் மறுக்கவில்லையாம். அந்த நிமிஷத்தில் அடித்தாரா என்பதுதான் கேள்வியாம். அவர் கை ஓங்கி நிற்கும்போது நான் அடித்திருந்தால் அது தற்காப்பு. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது அடித்ததால் கொலை. முதுகைக் காட்டிக்கொண்டு எதற்கு நின்றார்? கதவுக்குத் தாழ்ப்பாள் போட நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போடப் போனார்.

உனக்குத் தெரியாததா? பதினோரு வருஷத்தில் அந்தக் கடிகாரம் மெஷின் மேல் வந்த பிறகு நான் அடி வாங்காமல் தப்பிய நாள் ஒன்று கிடையாது. பரீட்சை லீவுக்கு வந்திருந்தபோது நீயே அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடி ஒளிந்திருக்கிறாய். இதைக் கோர்ட்டில் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றுவது குற்றமா என்று அரசு வக்கீல் கேட்டார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கை ஓங்கும் வரை நான் பொறுத்திருந்தால் சட்டம் என் பக்கம் நின்றிருக்கும். நான்தான் நின்றிருக்க மாட்டேன்.

கிளினிக்கில் எனக்குக் கொடுத்த சீட்டுகளையும் கொண்டு வந்து காட்டினார்கள். மூன்றிலும் மாடிப்படியில் விழுந்ததாக நான் சொன்னேன் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் எத்தனை படி என்று கேட்டார்கள். ஒரே ஒரு வாசற்படிதான் என்றேன். அப்படியானால் அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்றார்கள். டாக்டரிடம் நான் அதைச் சொல்லும்போது உன் அத்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதை யாரும் கேட்கவில்லை.

கடிகார விஷயத்தை நேரில் பார்த்தவள் நீ ஒருத்திதான். நீ வந்து சொன்னால் நீதிபதி மனசு மாறலாம் என்கிறார் வக்கீல் அம்மா. யோசித்துச் சொல்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். சட்டைக்கு மணிக்கட்டு வரை முழுக்கை வைத்துத் தைக்க அளவு கேட்டிருக்கிறாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் தைத்துக் கொடுத்த சட்டைக்கெல்லாம் கையை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்ட கழுதை நீ. உனக்கு எதற்கு முழுக்கை? மாப்பிள்ளை கோபம் வந்தாலும் நிதானம் தவறாதவர், மோதிரத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அதையே நினைத்துக்கொண்டு தைத்ததில் ஊசி விரலில் இறங்கிவிட்டது.

வெளியே போகிற கடிதங்களை இங்கே அலுவலகத்தில் ஓர் அம்மா படித்துப் பார்ப்பார். படிக்கட்டும், அவரும் கல்யாணம் ஆனவர்தான். இரண்டாம் ஞாயிறு என்னைப் பார்க்க நீ மட்டும் வா. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அக்கா

*

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கிற நூலகத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். கொண்டு வந்து கொடுத்தாரே, அவர்தான் வக்கீல் அம்மா. நீ படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துப் பயப்படாதே.

போன கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பியது என் புத்தி கெட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை உன்னை எதிர்பார்த்து, தலை சீவிக்கொண்டு, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்தார். ஆப்பிளும் சோப்பும் வாங்கி வந்திருந்தார். நீ குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகவும் கையில் கட்டுப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

அப்புறம் சிரித்துக்கொண்டே, "கடிதமெல்லாம் ரொம்ப நல்லா எழுதுறீங்க அக்கா. இனிமே அவளுக்கு எழுதுறதை எனக்கே எழுதிடுங்க. கோர்ட்டுக்கெல்லாம் அவ வரமாட்டா" என்றார்.

சத்தம் போடவில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. கம்பிமேல் வைத்திருந்த கையில் மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் தெரிந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமே என்று முதல்முறையாக நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே உன் நினைவு வந்து வெட்கமாகப் போய்விட்டது.

எனக்காக நீ சாட்சி சொல்ல வர வேண்டாம். என் வழக்கு எப்படியோ போகட்டும். இன்றைக்கு, இப்போதே, வக்கீல் அம்மாவோடு எழுந்து பெரியாஸ்பத்திரிக்குப் போ. கட்டை அவிழ்த்துக் காட்டு. விழுந்தேன் என்று சொல்லாதே. யார் அடித்தது, எதனால் அடித்தது, எத்தனை தடவை, எல்லாவற்றையும் சொல். டாக்டர் அதை எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இரு. அந்தச் சீட்டு வக்கீல் அம்மாவிடம் இருக்கட்டும். நான் மூன்று தடவை மாடிப்படி என்று சொன்னேன், அந்தப் படிகளில்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாதே. வக்கீல் அம்மா உனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். துணிமணி எடுக்கக்கூடப் போகாதே. துணி என்ன பெரிய விஷயம், உன் அக்கா தையல்காரி.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் எட்டினால் எடுக்கிற இடத்தில் எதையாவது வைத்திருக்கிறாயா? கனமாக, கைக்கு அடக்கமாக? மறைக்காதே. நானும் வைத்திருந்தேன். எடுக்கப் போவதில்லை என்றுதான் கடைசி நாள் வரை நினைத்திருந்தேன். நீ எடுக்காவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள், எடுத்தால் இங்கே கொண்டு வருவார்கள். இந்த இரண்டைத் தவிர உனக்கு இருக்கிற ஒரே வழி இப்போது உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

படித்தது போதும். மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்திரு.

என் பக்கத்து மெஷின் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும். நீ மட்டும் வந்துவிடாதே, கண்ணு. நூறு வயசு இரு.

உன் அக்கா